நரைக்கீற்றை மட்டும் பார்த்தவர்கள்

கேள்வி: 'ஆந்தி' என்ற பழைய இந்திப் படம் இந்திரா காந்தியின் கதைதானே? பதவி ஆசையில் கணவனையும் பெற்ற மகளையும் விட்டுப் போனவளை உத்தமியாகக் காட்டும் படத்தை இன்னும் ஏன் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்களா, யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டுக் கேட்கிறீர்களா?

நாயகியாக நடித்த சுசித்ரா சென்னின் தலையில் ஒரு நரைக்கீற்று, மடிப்புக் கலையாத சேலை, விறுவிறு நடை. இவை இந்திராவிடமிருந்து எடுத்தவைதான். பிரசார மேடையில் கல்லடி படும் காட்சியும் உண்டு. 1967-இல் புவனேசுவரத்தில் இந்திராவின் மூக்கை உடைத்த கல்லை நினைக்காமல் அதைப் பார்க்க முடியாது. ஒற்றுமை ஏறக்குறைய இவ்வளவோடு சரி. படத்தில் வரும் கணவர் ஓட்டல் மேனேஜர், அரசியல் வாடையே ஆகாதவர். இந்திராவின் கணவர் ஃபெரோஸ் காந்தியோ ரேபரேலி எம்.பி. எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் பங்குகளில் போன ஊழலை மக்களவையில் கிளப்பி, சொந்தக் கட்சியின் நிதியமைச்சரான நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரியை 1958-இல் ராஜினாமா செய்ய வைத்தவர். அவரைக் கொண்டுபோய் ஓட்டல் வரவேற்பறையில் உட்கார வைக்கலாமா? இந்திரா தகப்பனார் வீட்டோடு தங்கிவிட்டார் என்பது உண்மை. ஆனால் அவர் பிரதமரானது 1966-இல்; ஃபெரோஸ் 1960-லேயே காலமாகிவிட்டார்.

உங்களைப் போலவே அன்றைய அரசாங்கமும் நரைக்கீற்றைத்தான் பார்த்தது. 1975 தொடக்கத்தில் வெளியான படம், நெருக்கடி நிலையில் தடை செய்யப்பட்டது. 1977-இல் ஜனதா ஆட்சி வந்ததும் அதே படத்தைத் தூர்தர்ஷனிலேயே போட்டுக் காட்டினார்கள். இயக்குநர் குல்சார் எடுத்தது பிரிந்துபோன ஒரு தம்பதியின் கதை. அதை அரசியல் படமாக்கிய புண்ணியம் ஒரு கட்சிக்கு மட்டும் சேராது.

இந்திராவின் கதையாகவே இருந்திருந்தால் இதைவிடத் துணிச்சலான படமாக இருந்திருக்கும் என்பது என் வாதம். 1971-இல் அவர் 352 இடங்களை வென்றது 'வறுமையே வெளியேறு' என்ற முழக்கத்தோடு. மேடையேறிக் குடும்பக் கதை சொல்லிக் கண்ணைக் கசக்கவில்லை. படத்தின் நாயகி ஆரத்தி தேவி என்ன செய்கிறாள்? தேர்தல் நேரத்தில் ஓட்டல் மேனேஜரோடு அவளை இணைத்து எதிரணி வம்பு கிளப்புகிறது. அவள் கூட்டத்தில் ஏறி, "அவர் என் கணவர்" என்று கலங்குகிறாள். கூட்டம் இளகுகிறது, ஜெயித்துவிடுகிறாள். அவள் என்ன திட்டம் வைத்திருந்தாள், அந்த ஊருக்கு என்ன செய்வதாகச் சொன்னாள் என்பதெல்லாம் நமக்கு ஞாபகமே இருப்பதில்லை. உத்தமியாகக் காட்டினார்கள் என்பது உங்கள் புகார். உத்தமி என்று நிரூபித்த பிறகுதான் ஜெயிக்கவிட்டார்கள் என்பது என் புகார். ஆண் வேட்பாளர் எவரிடமாவது வீட்டுக் கணக்கு கேட்டிருக்கிறோமா?

(இந்தப் படத்துக்கான ஃபிலிம்ஃபேர் நடிகர் விருது கணவராக நடித்த சஞ்சீவ் குமாருக்குப் போனது. அந்த ஆண்டு நடிகை விருது 'ஜூலி'க்காக நம் லட்சுமிக்கு. சுசித்ரா சென்னுக்குப் பரிந்துரையோடு சரி.)

அப்புறம் ஏன் கொண்டாடுகிறார்கள்? 'தேரே பினா' பாட்டைப் பாருங்கள். காஷ்மீரத்து இடிபாடுகளுக்கு நடுவே, ஊர் கண்ணில் படாமல் இரவில் சந்தித்துக்கொள்ளும் நடுவயதுக் கணவன் மனைவி. லதாவும் கிஷோரும் பாடிக்கொண்டிருக்கும்போதே ஆர்.டி. பர்மன் இசையைத் தணித்து அவர்களைப் பேச விடுகிறார். நிலவைப் பற்றிப் பேச்சு வருகிறது. நடுவில் அமாவாசை வந்துவிடுகிறதே என்கிறார் அவர். வழக்கமாகப் பதினைந்து நாள், இந்தத் தடவை ரொம்ப நீண்டுவிட்டது என்கிறார். ஒன்பது வருஷம், இல்லையா என்கிறாள் அவள். யார் மேல் தப்பு என்று இருவருமே கேட்டுக்கொள்வதில்லை. பிரிந்த தம்பதியை இத்தனை கண்ணியமாகக் காட்டிய இந்திப் படங்கள் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. தேர்தல் காட்சிகளில் ஓட்டு கேட்டு வரும் பெரிய மனிதர்களைக் கேலி செய்யும் 'சலாம் கீஜியே' பாட்டைத் தவிர மற்றவற்றை நான் ஓட்டிவிடுவதுண்டு.

கடைசிக் காட்சி வரை பொறுமையாக உட்காருங்கள். தேர்தலில் வென்றவள் ஹெலிகாப்டரில் கிளம்புகிறாள். கணவனை விட்டுப் போனவள் என்று எழுதியிருக்கிறீர்களே, போய் வா என்று வழியனுப்பக் கீழே நிற்பவர் அந்தக் கணவர்தான்.