கோவைக்கொடியையும் காட்டு முயலையும் இனங்களாக ஒப்பிட முடியுமா?

முடியும். ஒன்று ஓடும், இன்னொன்று படரும் என்பதோடு நிறுத்திக்கொண்டால்தான் பிரயோஜனமில்லை. சென்னை கொருக்குப்பேட்டைப் பக்கம் வேலியில் படரும் கோவையையும் (காக்சீனியா கிராண்டிஸ்), பழவேற்காட்டை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டா புதர்க்காட்டில் திரியும் கருங்கழுத்து முயலையும் (லெபஸ் நைக்ரிகோலிஸ்) எடுத்துக்கொள்வோம்.

கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. செடிகளில் இது அபூர்வம். எது ஆண், எது பெண் என்று தீர்மானிப்பதும் முயலைப் போலவே எக்ஸ், ஒய் குரோமோசோம்கள்தான். கோவைக்கு மொத்தம் 24, முயலுக்கு 48. முயலின் ஒய் துக்கடா. கோவையின் ஒய்யோ அதன் குரோமோசோம்களிலேயே பெரியது!

வேலி நிறையப் பூத்தும் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் ஆண் கொடி. பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு மாதிரி சூலகம் தெரிந்தால் பெண். விதை போட்டால் பூக்கும்வரை எது என்று தெரியாது. அதனால் காய்க்கும் கொடியில் பென்சில் பருமனில் ஓரடித் தண்டு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு, தலைகீழாகிவிடாமல் நடுங்கள். மழைத் தண்ணீர் நிற்கும் இடமென்றால் தண்டு அழுகிவிடும், மேட்டுப்பாத்தி போடுங்கள். பத்துப் பெண் கொடிக்கு ஓர் ஆண் கொடி போதும்.

கோவையும் முயலும் பிரியும் இடம் இதுதான். நட்ட தண்டு புது உயிரல்ல, தாய்க்கொடியே. வேலியில் எத்தனை கோவை என்று கேட்டால் வேரைத் தோண்டிப் பார்த்தாலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. பசிபிக் தீவுகளான ஹவாயிலும் குவாமிலும் இது பெரிய களையானதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம். மேலே அறுத்துப் போட்டால் கிழங்குவேரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

முயலுக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. இணை சேர்ந்தால்தான் குட்டி, அதுவும் சொந்த இனத்தோடு. கடையில் விற்கும் வெள்ளை முயலுக்குக் குரோமோசோம் 44, இரண்டும் கலக்காது. கடை முயல் வளை தோண்டும், கண் திறக்காத, முடியில்லாத குட்டி போடும். காட்டு முயல் புல்லுக்குள் படுகை அமைத்து, முடியோடும் திறந்த கண்ணோடும் ஈனும். குட்டி தனியாக அசையாமல் கிடப்பது இயல்பு, தாய் கைவிட்டதல்ல. பாவமென்று வீட்டுக்குத் தூக்கிவந்து பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் செத்துவிடும். தவிர, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம்.