ராக் டிரம்மர்களில் யார் பெரியவர், போன்ஹாமா பியர்ட்டா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் சர்ச் கொயரில் டிரம்ஸ் வாசிக்கிற பையன்களுக்குள் ஓயாத வாக்குவாதம். ஒருவன் லெட் செப்பெலின் குழுவின் ஜான் போன்ஹாம் என்கிறான், இன்னொருவன் ரஷ் குழுவின் நீல் பியர்ட் என்கிறான். வேகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதா, கணக்கை வைத்தா?

பதில்: இரண்டையும் வைத்துச் சொல்ல முடியாது. வேகமாக அடிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், கணக்கை உட்கார்ந்து படித்துவிடலாம். நான் பார்ப்பது வேறு: இரண்டு கை, இரண்டு கால், இந்த நாலும் எழுப்புகிற சத்தத்தின் அளவை அந்த ஆளே சரி செய்கிறாரா, சவுண்ட் மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் சரி செய்து கொடுக்கிறாரா? இந்த அளவுகோலில் போன்ஹாம்தான் முதல். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2016இல் போட்ட 100 பேர் பட்டியலிலும் அவர்தான் முதலிடம், பியர்ட் நாலாவது. ஆனால் நான் பட்டியலைப் பார்த்துச் சொல்லவில்லை, சாட்சியாக ஒரு ஒலிப்பதிவே இருக்கிறது.

லெட் செப்பெலினின் நாலாவது ஆல்பத்தில் (1971) கடைசிப் பாட்டு, 'வென் த லெவீ பிரேக்ஸ்'. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில், மாடிப்படிக்குக் கீழே இருந்த கூடத்தில் டிரம்ஸைப் போட்டார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் படிக்கட்டின் மேலிருந்து இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டார். காலால் பெடலை மிதித்து அடிக்கிற பெரிய டிரம்மான பேஸ் டிரம்முக்கென்று தனி மைக் கிடையாது. இருந்தும் அதில் பேஸ் டிரம் மலை மாதிரி விழுகிறது, ஸ்னேர் (கைக்கு நேரே இருக்கிற, சரசரவென ஒலிக்கும் டிரம்) அதற்குச் சமமாக நிற்கிறது, ஹை-ஹாட் (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிற இரண்டு உலோகத் தட்டுகள்) எங்கேயும் காதைக் குத்தவில்லை. அந்த அளவு முழுக்க அவர் உடம்பிலிருந்து வந்தது. படிக்கட்டின் எதிரொலி அதைப் பெரிதாக்கியது, அவ்வளவுதான்.

உங்கள் பையன்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். போனை நாலு மீட்டர் தள்ளி ஒரு நாற்காலியில் வைத்து, சாதாரண நாலு தாள பீட் ஒன்றை இரண்டு நிமிடம் வாசித்துப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் ஹை-ஹாட் மட்டும்தான் கேட்கும். வலது கை பலமான கை, அதோடு குச்சியின் தண்டுப் பகுதியால் தட்டின் ஓரத்தில் அடிப்பார்கள். நம்மூர் ஆலயங்களில் கூரை உயரம், தரை டைல்ஸ், கீச்சு ஒலியெல்லாம் திரும்பி வந்து மோதும். குச்சியின் நுனியால் தட்டின் மேற்பரப்பில் தொடச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஆக்டபேடில் (மின்னணு டிரம் பலகை) மட்டும் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம். அங்கே எந்தப் பேடின் சத்தத்தையும் பட்டனில் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் கைக்கு அந்த வேலை வந்திருக்காது.

அடுத்தது பேஸ் டிரம். போன்ஹாம் வைத்திருந்தது 26 அங்குலம், உள்ளே பெரிதாக எதையும் அடைக்கவில்லை. நம் பக்கம் கிடைப்பது 22 அங்குலம், அதற்குள்ளும் ஒரு தலையணையைத் திணித்துவிடுகிறோம். தனி மைக் இருந்தால் அது சரி, இல்லாவிட்டால் 'பொத்'தென்று செத்துப்போகும். தலையணையை எடுத்துவிடுங்கள். அடிக்கிற பக்கத்துத் தோலில், எதிரெதிர்த் திருகுகளாக எடுத்து, கையால் முடிந்தவரை இறுக்கி, பிறகு டிரம் கீயால் (திருகு முடுக்கும் சாவி) கால் கால் சுற்றாகச் சுருக்கம் போகும்வரை ஏற்றுங்கள். முன்பக்கத் தோல் அதைவிடக் கொஞ்சம் மேல் சுருதியில் இருக்கட்டும். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரம் என்றால் திருகுகளில் வாசலின் தொட்டு வையுங்கள், இல்லாவிட்டால் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும்.

சிங்காரி மேளம் பார்த்தவர்களுக்கு ஒன்று சொன்னால் புரியும். முன்வரிசையில் ஆடிக்கொண்டே உருட்டுகிறவர்களுக்குத்தான் கைதட்டு. ஆனால் பின்னால் வீக்கன் செண்டை ஒரு அடி பிசகினால் மொத்த மேளமும் கலைந்துவிடும். போன்ஹாம் அந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்தார். 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்' (1969) கேளுங்கள். தகிட என்று சொல்லிக்கொண்டால், 'த' கைக்கு, 'கிட' காலுக்கு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 94 துடிப்பு, ஒரு துடிப்புக்குள் இரண்டு தகிட, ஆகக் காலின் இரண்டு அடிக்கும் இடையில் நொடியில் பத்தில் ஒரு பங்குதான். கேட்கிறவர்கள் இரட்டைப் பெடல் என்றே நினைப்பார்கள், அது ஒற்றைப் பெடல். குதிகாலைத் தூக்கி, பெடலின் நடுவில் முதல் அடி, பாதத்தை முன்னால் சறுக்கி இரண்டாவது அடி. முதல் அடியில் பீட்டரை (பெடலில் இருந்து தோலை அடிக்கிற சுத்தி) தோலோடு அழுத்திப் பிடித்தால் இரண்டாவது வராது. ஸ்டூல் தாழ்வாக இருந்தாலும் வராது, தொடை முழங்காலை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். 60 துடிப்பில் தொடங்குங்கள்.

இதைவிடக் கடினமானது 'ஃபூல் இன் த ரெயின்' (1979). ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தகிட. 'த'வும் 'ட'வும் ஹை-ஹாட்டில், 'கி' இடது கையில், ஸ்னேரின் மேல் கேட்டும் கேட்காமலும். மூன்றாவது துடிப்பின் 'த'வில் மட்டும் ஸ்னேரில் முழு அடி. எல்லோரும் தவறுவது அந்த முழு அடிக்கு அடுத்த 'கி'யில். குச்சி துள்ளி மேலே போய்விடும், அங்கிருந்து வருகிற மெல்லிய அடி மெல்லியதாக இருக்காது. முழு அடி அடித்த உடனே குச்சியைத் தோலுக்கு ஓர் அங்குலம் மேலே நிறுத்திவிட வேண்டும். டோட்டோ குழுவின் ஜெஃப் போர்க்காரோ 'ரோசன்னா'வுக்கு (1982) டிரம்மர் பெர்னார்ட் பர்டியின் ஷஃபிள் என்ற துள்ளு தாளத்தோடு போன்ஹாமின் இந்த வாசிப்பையும் சேர்த்துத்தான் பீட் அமைத்தார்.

என் வரிசையில் அடுத்தவர் ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ். ஸ்னேர் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஹை-ஹாட்டிலிருந்து கையை எடுத்துவிடுவார். ஸ்னேர் தனியாக ஒலிக்கும், பாட்டுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். த ஹூ குழுவின் கீத் மூனுக்குக் காலப்பிரமாணம் நிற்காது என்பவர்கள் 'பாபா ஓ'ரைலி' (1971) கேட்க வேண்டும், முன்பே பதிவான சிந்தசைஸரை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அதை மேடையில் வாசித்தார். ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கையை இழந்து, அந்தக் கையின் வேலையை இடது காலுக்கு மாற்றி டெஃப் லெப்பர்ட் குழுவில் தொடர்ந்து வாசித்தார். இவரை விட்டுவிட்டுப் பேசுகிற எந்தப் பட்டியலையும் என்னால் ஏற்க முடியாது.

பியர்ட்டைக் குறைத்துச் சொல்வதாக அந்தப் பையன் நினைக்க வேண்டாம். போன்ஹாம் பீட்டை நடத்துகிறார் என்றால் பியர்ட் அதைக் கட்டுகிறார், ஒவ்வொரு ஃபில்லும் (பாட்டு வரிகளுக்கு இடையில் வரும் சிறு உருட்டு) முன்கூட்டியே யோசித்து வைத்தது. பெரும் புகழ் வந்த பிறகும், 1990களில் ஃபிரெடி க்ரூபரிடம் மாணவராகப் போய்க் குச்சி பிடிக்கிற விதத்தையே மாற்றிக்கொண்டவர். ரஷ் குழுவின் 'ஒய் ஒய் இசட்' (1981) டொராண்டோ விமான நிலையக் குறியீட்டின் மோர்ஸ் தந்தி ஒலியில் தொடங்குகிறது. கோடுக்கு இரண்டு, புள்ளிக்கு ஒன்று என்று எண்ணினால் 'ஒய்' ஏழு, இன்னொரு 'ஒய்' ஏழு, 'இசட்' ஆறு, மொத்தம் இருபது, துடிப்புக்கு நாலாக ஐந்து துடிப்பு. நம் சொல்லில் தகிட தகதிமி, தகிட தகதிமி, தகதிமி தக. தகிட-வில் 'த'வும் 'ட'வும், தகதிமி-யில் 'த'வும் 'தி'யும், கடைசித் தக-வில் இரண்டுமே அடி. தொடையில் தட்டிப் பாருங்கள். ஆறாவது துடிப்பில் புதிய சுற்று வந்து உட்காரவில்லை என்றால், அந்தக் கடைசித் தக-வை அவசரப்பட்டு அடித்திருப்பீர்கள்.