மீன்கறியும் நீலத் தொட்டியும்: வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரில் வீட்டுக் குப்பையைக் குறைப்பது பற்றியும் மறுசுழற்சித் திட்டங்கள் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் எட்டுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் புளோக்கின் கீழே உள்ள நீலத் தொட்டியில் காகிதம், போத்தல், டின், கண்ணாடி எல்லாவற்றையும் கலந்தே போடச் சொல்கிறார்கள். பிறகு ஒரே லாரி வந்து அள்ளிக்கொண்டு போகிறது. எல்லாம் கடைசியில் எரிப்பு ஆலைக்குத்தான் போகிறது என்று என் மாமியார் அடித்துச் சொல்கிறார். உண்மை என்ன? (ஈசூன் வாசகி)

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, ஆனால் லாரியின் மேல் பழி போடுவது நியாயமில்லை. நீலத் தொட்டியை வந்து அள்ளும் லாரி வேறு, வீட்டுக் குப்பையை அள்ளும் லாரி வேறு. நீலத் தொட்டியின் பொருள்கள் தரம் பிரிக்கும் கூடத்துக்குப் போகின்றன. அங்கே பணியாளர்களும் இயந்திரங்களுமாகச் சேர்ந்து அவற்றைக் காகிதம், நெகிழி, உலோகம், கண்ணாடி என்று பிரிக்கிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் நான்கு கூடைகளுக்கு இடம் தேடி யாரும் அல்லாட வேண்டாம் என்பதற்காகவே, இங்கே எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கலந்து போட விட்டிருக்கிறார்கள்.

அந்த வசதிக்கு ஒரு விலையும் இருக்கிறது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி, நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு ஆகாத பொருளாகவோ, உணவும் நீரும் பட்டுக் கெட்டதாகவோ இருக்கிறது. ரொட்டி பரோட்டாவுக்கு நெகிழிப் பையில் கட்டிக்கொடுத்த மீன்கறியில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு, முடிச்சோடு அந்தப் பையை நீலத் தொட்டியில் ஒருவர் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரியில் நசுங்கிப் பை கிழிந்ததும், நீங்கள் ஒரு மாதமாக அடுக்கி வைத்துக் கொண்டுபோய்ப் போட்ட செய்தித்தாள்கள் மஞ்சளும் எண்ணெயுமாக ஊறிவிடும். எண்ணெய் குடித்த காகிதத்தைக் கூழாக்கி நல்ல காகிதம் செய்ய முடியாது. அதை எரிப்பு ஆலைக்குத்தான் அனுப்பியாக வேண்டும். உங்கள் மாமியார் கேள்விப்பட்டது இந்தக் கதையாகவே இருக்கும். யாரோ ஒருவர் வீட்டுக் கறி அடுத்த நாற்பது வீட்டார் உழைப்பைக் கெடுப்பதைத் தடுக்க எந்தக் கூடத்தாலும் முடிவதில்லை.

நீலத் தொட்டியில் போடவே கூடாதவை: மெல்லிழைத்தாள், எண்ணெய் படிந்த பீட்சா பெட்டி, வெள்ளை நுரைப்பெட்டி, துணிமணி, காலணி, பொம்மை, பீங்கான் கோப்பை. அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரமும் ஆகாது. அது சாதாரணக் கண்ணாடியைவிட அதிக வெப்பத்தில்தான் உருகும் என்பதால் போத்தல் கண்ணாடியோடு சேராது.

கேள்வி: கழுவிப் போடுங்கள் என்கிறார்கள். தண்ணீருக்கு நாம் படும் பாட்டில், குப்பையைக் கழுவுவதற்கும் தண்ணீர் செலவழிக்க வேண்டுமா? (தோ பாயோ வாசகர்)

பதில்: பாத்திரம் தேய்ப்பதுபோல் சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொல்லவில்லை. உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு ஒரு முறை அலசினால் போதும். அரிசி களைந்த தண்ணீரையோ காய் கழுவிய தண்ணீரையோ இதற்கு வைத்துக்கொண்டால் குழாயையே திறக்க வேண்டியதில்லை. அலசியதைக் கவிழ்த்து வைத்து ஈரம் வடியவிட்டுப் போடுங்கள். காகிதத்தின் மேல் நீர் சொட்டினால் அலசியதற்கே பொருளில்லாமல் போய்விடும். ஊறுகாய் போத்தல் மட்டும் கொஞ்சம் வேலை வாங்கும். அதை நான் வீட்டில் புளி போட்டு வைக்கப் பயன்படுத்திக்கொள்கிறேன். 2023-இல் வீடுகளுக்கு இலவசமாக வழங்கப்பட்ட, மடித்து வைக்கக்கூடிய ‘புளூபாக்ஸ்’ பெட்டி இன்னும் பரண்மேல் கிடந்தால், அதைச் சமையலறை வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே போகும்போது எடுத்துச் செல்லும் பழக்கம் தானே வரும்.

கேள்வி: நம் ஊரில் குப்பையை எரித்துவிடுகிறோம். எரித்தபின் சாம்பல்தானே? இதற்கு ஏன் இத்தனை பிரசாரம்? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: அந்தச் சாம்பலை வைக்கத்தான் இடமில்லை. எரிப்பதால் குப்பையின் கன அளவு 90 விழுக்காடு வரை குறைகிறது. மிஞ்சும் சாம்பலும் எரிக்க முடியாத கழிவும் துவாஸிலிருந்து படகில் ஏற்றப்பட்டு, சிங்கப்பூர்ப் பெருந்தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செமாக்காவ் தீவுக்குப் போகின்றன. லோரோங் ஹாலுஸில் இருந்த குப்பைமேடு 1999-இல் மூடப்பட்ட பிறகு, நாட்டுக்கு இருக்கும் ஒரே குப்பை நிரப்பு நிலம் இதுதான். செமாக்காவ், சாகெங் என்ற இரு தீவுகளை அணைத்தபடி கடலுக்குள் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லணை கட்டி, 350 ஹெக்டர் பரப்பை வளைத்து, அதை அறை அறையாகப் பிரித்து நிரப்பி வருகிறார்கள்.

குப்பைத் தீவு என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். ஆனால் அங்கே நாற்றமில்லை. கரையோரம் அலையாத்திக் காடுகளும் பறவைகளும் இருக்கின்றன. கவலை அதன் ஆயுளைப் பற்றியது. இப்போதைய வேகத்தில் போனால் 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்று அரசாங்கம் மதிப்பிட்டிருக்கிறது. இன்னொரு தீவைத் தேடிப் போக இந்தச் சின்ன நாட்டில் கடலும் அகலமில்லை. 2019-இல் வெளியான கழிவில்லாச் சிங்கப்பூருக்கான பெருந்திட்டம், ஒருவர் கணக்கில் நாளொன்றுக்கு நிரப்பு நிலத்துக்குப் போகும் கழிவை 2030-க்குள் 30 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்ததற்குக் காரணம் இதுவே. நெகிழியை எரிக்கும்போது காற்றில் கலக்கும் கரியமில வாயுவின் கணக்கு இதில் சேரவில்லை.

கேள்வி: முன்பெல்லாம் ஊதுகுழல் ஒலித்துக்கொண்டு கரங்குனிக்காரர் மாடிமாடியாக வருவார். இப்போது அவரைக் காணோம். வீட்டு மறுசுழற்சி குறைந்துவிட்டது என்று சொல்கிறார்களே, இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (பிடோக் வாசகர்)

பதில்: நல்ல கேள்வி. முதலில் ஒரு சொல்லாராய்ச்சி: மலாயில் ‘காருங் கூனி’ என்றால் சாக்குப்பை. அந்தக் கூனி நம் கோணிக்கு உறவுக்காரச் சொல். கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு பழைய பேப்பர் வாங்க வந்தவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

வீட்டுக் கழிவு மறுசுழற்சி விகிதம் 2018-இல் 22 விழுக்காடாக இருந்தது. 2023-இல் அது 12 விழுக்காடு. மக்கள் திடீரெனச் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று இதற்குப் பொருளல்ல. சிங்கப்பூரில் சேரும் பழைய காகிதத்தில் பெரும்பங்கு வெளிநாட்டுக்குத்தான் போகிறது. 2018 முதல் சீனா வெளிநாட்டுக் கழிவுக் காகிதத்தை வாங்குவதில் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. பின்னர் கப்பல் கட்டணமும் ஏறியது. கிலோவுக்குக் கிடைத்த காசு இறங்கியதும், படியேறி இறங்கிக் கட்டுக்கட்டாகத் தூக்கிச் சுமப்பது கரங்குனிக்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை. செய்தித்தாள் வாங்கும் வீடுகளும் குறைந்துபோயின. அவர் கையில் காசு கொடுத்து வாங்கியதால்தான் நம் பேப்பர் கட்டுகள் ஈரம் படாமல், கறி படாமல் வீட்டுக்குள் காத்திருந்தன என்பது என் கருத்து. காசு தராத தொட்டிக்கு அந்த மரியாதையை நாம் இன்னும் தரவில்லை.

கேள்வி: போத்தலுக்கு 10 காசு திட்டம் எனக்குப் புரியவில்லை. இது விலையேற்றமா? (செங்காங் வாசகி)

பதில்: திருப்பித் தராதவருக்கு விலையேற்றம், தருபவருக்கு இல்லை. 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்ட இந்தத் திட்டத்தில், 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான நெகிழிப் போத்தல், உலோக டின் பானங்களுக்கு 10 காசு முன்பணம் சேர்த்து வாங்கப்படுகிறது. காலிப் போத்தலைத் திருப்பிப் பெறும் இயந்திரத்தில் போட்டால் அந்தக் காசு திரும்பி வரும். கண்ணாடிப் போத்தலும் அட்டைப்பெட்டிப் பானமும் இதில் சேரா. அவற்றுக்கு நீலத் தொட்டிதான் இடம். தொடக்கத்தில் பழைய சரக்கும் புதிய சரக்கும் கடைகளில் கலந்தே இருக்கும் என்பதால், முன்பணக் குறி போத்தலின் மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இடத்தை அடைக்கிறதே என்று டின்னை மிதித்து நசுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இதற்கு மட்டும் அது கூடாது; இயந்திரம் பட்டைக்குறியைப் படிக்க வேண்டும் என்பதால் போத்தலும் டின்னும் உருக்குலையாமல் இருக்க வேண்டும். பத்துக் காசு அற்பம் என்று நீங்கள் நினைத்தாலும், குப்பைக் குழாயடியில் காலி டின் பொறுக்கும் முதியவர் அப்படி நினைக்க மாட்டார். உங்களுக்கு நேரமில்லையென்றால் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பேரங்காடியில் பைக்கு 5 காசு வாங்குகிறார்களே, அது யாருக்குப் போகிறது? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: கடைக்குத்தான். 2023 ஜூலை 3 முதல், ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேலுள்ள பேரங்காடி நிறுவனங்கள் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்க வேண்டும் என்பது சட்டம். எத்தனை பைகள் கொடுத்தார்கள், எவ்வளவு வசூலானது, அதை எதற்குச் செலவிட்டார்கள் என்பதை அவர்கள் பொதுவில் வெளியிட வேண்டும். காய்கறி, மீன் போன்றவற்றை நிறுத்துப் போடும் மெல்லிய பைக்குக் கட்டணமில்லை; அதை ஐந்தாறாக உருவிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தம். தேக்கா சந்தைக்குப் போகும்போது நம் பாட்டிமார் கையில் கூடை இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: மிஞ்சின சோற்றை எங்கே போடுவது? உணவுக் கழிவுக்குத் தனித் தொட்டி ஏன் இல்லை? (புக்கிட் பாத்தோக் வாசகி)

பதில்: வீவக வீடுகளிலிருந்து உணவுக் கழிவைத் தனியாக எடுத்துச் செல்லும் ஏற்பாடு நாடு முழுவதற்கும் இல்லை. 2023-இல் சிங்கப்பூரில் 755,000 டன் உணவுக் கழிவு சேர்ந்தது. அதில் மறுசுழற்சியானது 18 விழுக்காடுதான். இந்த வெப்பத்தில் ஈரக் குப்பையை ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தாலும் நாற்றமும் கரப்பானும் வந்துவிடும் என்பதால், மாடி வீடுகளில் தனித் தொட்டி வைப்பது எளிதன்று. எனவே நம் கையில் இருப்பது குறைவாகச் சமைப்பதுதான். வீடுகளில் அதிகம் வீணாவது சோறு, மீ (நூடுல்ஸ்), ரொட்டி ஆகியவை என்று தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஆய்வில் தெரியவந்தது. மிஞ்சிய சோற்றை உடனே ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் எலுமிச்சை சாதமாகவோ புளிச்சோறாகவோ கிளறுவதை இந்தப் பத்திரிகை சொல்லித் தர வேண்டியதில்லை. விருந்தாளி வந்தால் இலை நிரம்பி வழிய வேண்டும் என்ற கௌரவம்தான் நம்மவர்களுக்கு விலக்கக் கடினமானது.

கேள்வி: தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யப்போகிறோம். பழைய குளிர்பெட்டி, உடைந்த மிக்ஸி, நான்கு கைத்தொலைபேசிகள், ஒரு சோபா, இரண்டு மூட்டைச் சேலை. எதை எங்கே சேர்ப்பது? (அங் மோ கியோ வாசகி)

பதில்: குளிர்பெட்டியை, புதியதை வாங்கும் கடையிடமே ஒப்படைக்கலாம். 2021 ஜூலை 1 முதல், புதியதைக் கொண்டுவந்து இறக்கும்போது அதே வகைப் பழைய சாதனம் ஒன்றைக் கட்டணமின்றி எடுத்துச் செல்வது கடைக்காரரின் கடமை. கைத்தொலைபேசிகளை மின்னணுக் கழிவுத் தொட்டியில் போடுங்கள். 300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மின்பொருள் கடைகளில் அது கட்டாயம் இருக்கும். போடுமுன் தொலைபேசியிலுள்ள படங்களையும் வங்கிச் செயலியையும் அழித்துவிடுங்கள். பவர் பேங்க் எதையும் வீட்டிலுள்ள குப்பைக் குழாயிலோ நீலத் தொட்டியிலோ போட்டுவிடாதீர்கள். உள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

சோபாவைக் கீழ்த்தளத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு நழுவிவிடாமல் நகர மன்றத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். மாதத்துக்குச் சில பெரிய பொருள்களைப் பல மன்றங்கள் இலவசமாகவே எடுத்துச் செல்கின்றன. சேலைகளை நீலத் தொட்டியில் போட வேண்டாம். நல்லவற்றைப் பழைய துணி வாங்கும் தொண்டு அமைப்புகளிடம் கொடுங்கள். கிழிந்தவை தரை துடைக்க ஆகும்.

மிக்ஸிதான் சிக்கல். மின்னணுக் கழிவுத் திட்டத்தின் பட்டியலில் கணினி, தொலைக்காட்சி, குளிர்பெட்டி, சலவை இயந்திரம், விளக்கு, மின்கலம் போன்றவை உண்டு. மிக்ஸியும் கிரைண்டரும் இல்லை. ஆகவே அதைத் தொட்டியில் திணிக்க முயலாமல், முதலில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் தேய்ந்துபோனது மோட்டாரிலுள்ள கரித்துண்டாகவோ அறுந்தது ஒரு வயராகவோதான் இருக்கும்.