பெரிய டேப்லெட் வாங்கும் முன் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு நடை

புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 46. தம்புச் செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தில் டாக்குமெண்டேஷன் பார்க்கிறார். நாள் முழுக்க இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது). வெள்ளெழுத்து வந்துவிட்டது, போனில் பிடிஎஃப் திறந்தால் கண் எரிகிறது. வீட்டில் இருக்கும் ஏழு வருஷத்து லேப்டாப் திணறுகிறது. “அதை ஓரங்கட்டிவிட்டுப் பெரிய டேப்லெட் வாங்கினால் ஆபீஸ் வேலையும் ஆகும், ராத்திரி பழைய புத்தகங்கள் படிக்கவும் படம் பார்க்கவும் ஆகும் என்று நினைக்கிறேன். பசங்க வீண் செலவு என்கிறார்கள். வாங்கலாமா? 11 இஞ்சா, 13 இஞ்சா, 14.6 இஞ்சா?” என்பது கேள்வி.

வாங்கலாம். ஆனால் லேப்டாப்பை ஓரங்கட்டும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். உங்கள் தொழிலில் பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிச் சரக்கு விவரப் படிவம்) சுங்கத்துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் ஏற்ற டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து யூஎஸ்பி டோக்கனில் இருக்கிறது. டோக்கனுக்கான டிரைவர் கம்ப்யூட்டருக்கென்று எழுதியது. ஐபேடில் செருகினால் அது என்னவென்றே ஐபேடுக்குத் தெரியாது, ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் அதை நம்பி இறங்க முடியாது. ஃபைலிங் மென்பொருளும் கணக்கு எழுதும் டேலியும் விண்டோஸ்காரர்கள். எக்செல்லில் யாராவது மேக்ரோ (வேலையைத் தானே செய்யும் கட்டளைத் தொகுப்பு) போட்டு வைத்திருந்தால் டேப்லெட் எக்செல்லில் அது ஓடாது. ராத்திரி பத்து மணிக்கு அவசரமாக ஒரு ஃபைலிங் வந்தால் உங்களுக்கு லேப்டாப்தான் கை கொடுக்கும். அதில் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள், திணறல் பாதி குறையும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் என்றால் விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் டேப்லெட் எதற்கு? என் அனுபவத்தில் பெரிய டேப்லெட் என்பது காகிதம். லேப்டாப்பின் தம்பி என்று நினைத்து வாங்கியவர்கள் ஆறு மாதத்தில் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். கையில் தினமும் எந்தக் காகிதம் புழங்குகிறது என்று பார்த்து வாங்கியவர்கள் விடாமல் பயன்படுத்துகிறார்கள். நான் தண்டையார்பேட்டைக்காரன். பதிப்பகங்களுக்கு மெய்ப்பு (புரூஃப்) திருத்தும் வேலையும் உண்டு. ஐந்து வருஷமாக அந்த வேலையை 13 இஞ்ச் திரையில்தான் செய்கிறேன். என் மேஜையில் பிரிண்ட் அவுட் கட்டு இருந்த இடத்தில் இப்போது டேப்லெட் இருக்கிறது. கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர்தான் இருக்கிறது.

உங்கள் காகிதம் ஏ4. 210 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம். 13 இஞ்ச் ஐபேடின் திரை ஏறத்தாழ 198-க்கு 264. முழுப் பக்கத்தையும் உள்ளே அடக்கினால் அசல் அளவில் 89 சதவீதம் தெரியும். சாம்சங் கேலக்ஸி டேப் அல்ட்ராவின் 14.6 இஞ்ச் திரை நீளவாக்கில் ஒல்லியானது, 197-க்கு 314. அதில் 94 சதவீதம். 11 இஞ்ச் ஐபேடில் சுமார் 76. அகலத் திரை கொண்ட 11 இஞ்ச் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் 70-ஐத்தான் எட்டும்.

எண்ணாகச் சொன்னால் மனதில் பதியாது. நீங்கள் தம்புச் செட்டித் தெருவில் இருக்கிறீர்கள், சுற்றிலும் ஜெராக்ஸ் கடைதான். பொடி எழுத்தில் நாற்பது வரி ஓடும் பேக்கிங் லிஸ்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். 94, 89, 76, 70 என்று நான்கு அளவில் குறைத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் ஏ4-ஐ ஏ5 ஆக்க அழுத்தும் பட்டன் 71-தான், அதனால் கடைசித் தாள் எப்படி வரும் என்பது உங்களுக்கே தெரியும். நான்கையும் மேஜையில் பரப்பி, கண்ணாடியோடு ஒருமுறை, கண்ணாடி இல்லாமல் ஒருமுறை படியுங்கள். சரக்கின் வகையைக் குறிக்கும் எட்டு இலக்க எச்எஸ் கோடில் 3-ஐயும் 8-ஐயும் தடுமாறாமல் எந்தத் தாளில் பிரித்துப் படிக்கிறீர்களோ, அதுதான் உங்கள் சைஸ். நான்கு தாளுக்கு ஆகும் செலவு ஒரு டீக்காசு. ஷோரூமில் வண்ணப்பூ வால்பேப்பரைப் பார்த்து மயங்குவதைவிட இது நம்பகமானது. திரையில் விரலால் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்பீர்கள். ஒரு பக்கத்துக்குச் சரி. நாளைக்கு இருநூறு பக்கம் இழுத்து இழுத்துப் பார்த்தால், வரி தவறிப் பக்கத்து வரியின் எடையை எடுத்துவிடுவோம். மெய்ப்பில் எனக்கு அது நடந்திருக்கிறது.

வேலையில் இதை எப்படி வைத்துக்கொள்வது? கீபோர்டுக்கு இடப்பக்கம், சாய்வான ஸ்டாண்டில், செங்குத்தாக. கம்ப்யூட்டரில் என்ட்ரி, டேப்லெட்டில் மூல ஆவணம். கையில் பேனா. இன்வாய்ஸின் ஒவ்வொரு வரியையும் பதிந்த பிறகு அதன் மேலேயே சிவப்பில் ஒரு டிக். மொத்த எடையும் நிகர எடையும் உதைக்கும் இடத்தில் ஒரு வட்டம், ஓரத்தில் “கேட்கவும்” என்று கையால் ஒரு சொல். சரிபார்க்கச் சொல்லிச் செக்லிஸ்ட்டைப் பார்ட்டிக்கு (வாடிக்கையாளருக்கு) அனுப்பும்போது எந்த வரியில் சந்தேகம் என்று அந்தப் பக்கத்தை அப்படியே அனுப்பலாம். பிரிண்ட் எடுத்து, டிக் அடித்து, திரும்ப ஸ்கேன் செய்யும் வேலை போய்விடும். பெரிய டேப்லெட் உங்களுக்குத் தரப்போகும் உண்மையான லாபம் இதுதான்.

திரையை இரண்டாகப் பிரித்து இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் பக்கம் பக்கமாக வைக்கலாம் என்று விளம்பரம் காட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 13 இஞ்சைப் படுக்கவைத்துப் பிரித்தால் ஆளுக்கு 132 மில்லிமீட்டர் அகலம், அதாவது 63 சதவீதம். 14.6-இல் அகலம் கூடினாலும் உயரம் 197-தான் என்பதால் முழுப் பக்கம் 66 சதவீதத்தில்தான் அடங்கும். வெள்ளெழுத்துக் கண்ணுக்கு இரண்டுமே போதாது. ஒன்று டேப்லெட்டில், இன்னொன்று கம்ப்யூட்டர் திரையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேனா விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். சாம்சங் அல்ட்ராவில் எஸ் பென் பெட்டியிலேயே வரும். ஆப்பிள் பென்சிலைத் தனியாக வாங்க வேண்டும். கீபோர்டு உறை இரண்டுக்குமே தனிச் செலவு, உங்களுக்கு அது வேண்டாம். ஆப்பிளின் கீபோர்டு உறையோடு சேர்த்தால் 13 இஞ்ச் ஐபேட் ஒன்றேகால் கிலோவைத் தொடும். அது ஒரு மெல்லிய லேப்டாப்பின் எடை.

எடையைப் பற்றிப் பலர் வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். 13 இஞ்ச் ஐபேட் புரோ (2024) 579 கிராம், அதே அளவு ஐபேட் ஏர் 617 கிராம், சாம்சங் அல்ட்ரா 700 கிராமை ஒட்டி. தராசில் இது ஒன்றுமில்லை. படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே அரை மணி நேரம் பிடித்துப் பாருங்கள், தெரியும். வீட்டில் பசங்களின் பரீட்சை அட்டை இருக்கும், கிட்டத்தட்ட அதே அகல நீளம். அதன் பின்னால் அரை கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை டேப் போட்டு ஒட்டி, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் இடத்தில், வழக்கமாகப் படிக்கும் விதத்தில் ஒரு மணி நேரம் பிடித்திருங்கள். மடியில் தலையணை வைத்து உட்கார்ந்து படிப்பவருக்குச் சிரமமே இருக்காது. படுத்துப் படிப்பவர் என்றால் பெரிய டேப்லெட்டை மறந்துவிடுங்கள். மெட்ரோவிலும் அதை வெளியே எடுக்க வேண்டாம். புதுவண்ணாரப்பேட்டையில் ஏறினால் நான்காவது ஸ்டேஷன் மண்ணடி. உட்கார இடம் கிடைத்துப் பையைத் திறப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும்.

இனி ராத்திரி வாசிப்பு. இதைப் பற்றிப் பேசும்போது எனக்கே உற்சாகம் வந்துவிடுகிறது. பழைய தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்களாகவே கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் இலவசமாகவே இருக்கின்றன. அவை படங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்கி வராது, பக்கம் முழுவதும்தான் பெரிதாகும். போனில் அவற்றைப் படிப்பது சாவித் துவாரம் வழியே கோபுரம் பார்ப்பது போல. நம் பதிப்பகங்களின் கிரௌன் 1/8 சைஸ் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டருக்கு 18. 13 இஞ்ச் திரையைப் படுக்கவைத்தால் அப்படிப்பட்ட இரண்டு பக்கங்கள் பக்கம் பக்கமாக, அசல் அளவிலேயே, விரித்த புத்தகம் போல உட்காரும். அதைவிடப் பெரிய டெம்மி சைஸ் என்றால் கொஞ்சம் சுருங்கும், பத்தில் ஒன்பது பங்குக்கு மேலேயே தெரியும். மூலம் மேலே, பொடி எழுத்தில் உரை கீழே, அதற்கும் கீழே பாடபேதக் குறிப்பு (பிரதிக்குப் பிரதி மாறும் சொற்கள்) என்று போட்ட பழைய பதிப்பு ஒன்றை முதன்முதலாக இப்படி விரித்த ராத்திரி, மணி ஒன்றரை ஆனதை நான் கவனிக்கவில்லை. நாவல் மட்டுமே படிப்பவர் என்றால் கிண்டில் போன்ற மைத்திரை ரீடர் ஒன்று இதைவிட இலேசு, கண்ணுக்கும் இதம். உங்களுக்குப் பழைய புத்தகங்கள் மேல் ஆசை என்பதால்தான் பெரிய திரையைச் சொல்கிறேன்.

படம் பார்ப்பதில் கதை மாறும். 13 இஞ்ச் ஐபேட் சதுரத்தை ஒட்டிய திரை, அகலப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். டிவி அளவு வீடியோ அதில் 12 இஞ்ச் திரையில் பார்ப்பதற்குச் சமம். 14.6 இஞ்ச் சாம்சங்கில் அதே வீடியோ 14 இஞ்சுக்கு மேல் நிற்கும். வீட்டில் டிவி இருக்கும்போது இதற்காக முடிவை மாற்ற வேண்டியதில்லை.

அடுத்துச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். இந்த டேப்லெட்டில் வாட்ஸ்அப்பைப் போடாதீர்கள். 2025 மே மாதத்திலிருந்து ஐபேடுக்கும் தனி வாட்ஸ்அப் வந்துவிட்டது, ஆண்ட்ராய்டில் முன்பே உண்டு. போடுவது சுலபம். உங்கள் வேலையில் பார்ட்டி, டிரான்ஸ்போர்ட், சிஎஃப்எஸ் (கன்டெய்னர் கிடங்கு), கப்பல் ஏஜென்ட் எல்லாரும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். புத்தகத்தின் நடுவே “சார், டெலிவரி ஆர்டர் வந்துச்சா?” என்று ஒரு வரி இறங்கினால் அன்றைய வாசிப்பு அதோடு சரி. ஆவணங்களை அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து மெயில் அல்லது டிரைவ் வழியாக டேப்லெட்டுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் போன் அடிக்கும், அது எப்படியும் உங்கள் பையில்தான் இருக்கிறது. நானும் முதல் வருஷம் எல்லாவற்றையும் இதில் நிரப்பினேன். ராத்திரி டேப்லெட்டைக் கையில் எடுக்கவே சலிப்பு வந்தது. மெயிலைத் தவிர எல்லாவற்றையும் அழித்த பிறகுதான் வாசிப்பு திரும்ப வந்தது.

இறக்குமதியாளர்களின் இன்வாய்ஸில் விலை இருக்கிறது, அது பிறர் ரகசியம். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். வீட்டில் அம்மாவோ பசங்களோ எடுப்பார்கள் என்றால் சாம்சங்கில் ஆளுக்கொரு யூசர் வைத்துக்கொள்ளலாம். வீட்டு ஐபேடில் அந்த வசதி கிடையாது, ஐபேட்ஓஎஸ் 18 முதல் குறிப்பிட்ட ஆப்புகளைப் பூட்டி வைக்கலாம், அவ்வளவுதான். வீட்டோடு பகிரப்போகிறீர்கள் என்றால் இது சாம்சங் பக்கம் ஒரு கல் எடை.

கடலோரத்தில் இருக்கிறோம். ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சார்ஜ் துளையில் ஈரத்தோடு வயரைச் செருகாதீர்கள், ஜன்னலோரம் இரவு முழுவதும் வைக்காதீர்கள். எஸ்9 முதல் சாம்சங் அல்ட்ராவுக்கு ஐபி68 நீர்ப் பாதுகாப்பு உண்டு, ஐபேடுக்கு அப்படி எதுவும் இல்லை. வெயிலிலும் கவனம் வேண்டும்: 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மே மாத மொட்டை மாடி அதைத் தாண்டிவிடும், திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நம் பக்கம் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில், தரவிறக்கி வைத்த புத்தகங்கள்தான் எனக்குத் துணை. ஆனால் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் இவ்வளவு பெரிய பேட்டரியை ஒரு முறைகூட முழுதாக நிரப்பாது, முக்கால் பங்குக்கும் குறைவாகவே ஏறும். இருப்பதில் பெரிய பவர் பேங்க்காக வாங்குங்கள். சிம் போடும் மாடல் வேண்டாம், போன் ஹாட்ஸ்பாட் போதும்.

எனவே உங்களுக்கு என் பரிந்துரை 13 இஞ்ச். புரோ தேவையில்லை, ஏர் போதும். முந்தைய வருஷ மாடல் தள்ளுபடியில் கிடைத்தால் இன்னும் நல்லது, அந்த மாடலோடு சேரும் பென்சில் எது என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். ஜெராக்ஸ் சோதனையில் 89 தாள் தடுமாற்றம் தந்து 94 தாள் தெளிவாக இருந்தாலோ, வீட்டில் நான்கு பேர் பகிர்வது உறுதி என்றாலோ 14.6 இஞ்ச் சாம்சங். கண்ணாடியோடு 76 தாளே சுலபமாகப் படிக்க முடிகிறது என்றால் 11 இஞ்ச் ஐபேடோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் அந்தப் பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டுவிடலாம்.