புகாரியில் உள்ள ஒரு ஹதீஸை ஏற்காதவர் ஹதீஸ் மறுப்பாளரா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஹதீஸ் என்பது நபிகளாரின் சொல், செயல் பற்றிய அறிவிப்பு; புகாரி அவற்றின் புகழ்பெற்ற தொகுப்பு. ஹதீஸ் நம்பகமானதா என்பது ஒரு கேள்வி, அதை வைத்துச் சட்டம் சொல்லலாமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை.

மதீனாவின் சட்ட அறிஞர் இமாம் மாலிக்கையே பாருங்கள். விற்பவரும் வாங்குபவரும் பிரியும்வரை வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம் என்ற ஹதீஸை, நாஃபிஉ வழியாக நபித்தோழர் இப்னு உமரிடமிருந்து, முவத்தா என்ற தம் ஹதீஸ் தொகுப்பில் அவரே பதிவு செய்கிறார். அறிவிப்பாளர் தொடரில் குறையே சொல்ல முடியாது. ஆனாலும், மதீனாவில் அப்படி நடைமுறை இல்லை என்று அதன்படி சட்டம் சொல்லவில்லை. அவருடைய மாணவர் ஷாஃபிஈயோ அதே ஹதீஸை அப்படியே சட்டமாக எடுத்துக்கொண்டார். இவர்களில் யாரை மறுப்பாளர் என்பீர்கள்?

சரி, புகாரிக்கு வருவோம். 10ஆம் நூற்றாண்டிலேயே ஹதீஸ் அறிஞர் தாரகுத்னீ அதன் சில அறிவிப்புகளில் குறை கண்டார். 15ஆம் நூற்றாண்டில் இப்னு ஹஜர், புகாரிக்குத் தாம் எழுதிய விரிவுரையான ஃபத்ஹுல் பாரியின் முன்னுரையில் ஒவ்வொன்றாகப் பதில் எழுதினார். சில பதில்கள் வலிந்து சொன்னவை என்று அவரே ஒத்துக்கொண்டதுதான் எனக்குப் பிடித்த இடம்.

குர்ஆன் மட்டும் போதும், ஹதீஸே வேண்டாம் என்பவர்கள் தனி. மறுப்பாளர் என்ற சொல் பொருந்துவது அவர்களுக்குத்தான்.