தாத்தாவோட பூர்வி ஸ்டார் மெடல் ஆர்மி ரெக்கார்டுல இல்லன்னு கேட்டவருக்கு

நெல்லிக்குப்பம் தம்பி, தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்து 1971 பாகிஸ்தான் போர்ல கிழக்குப் பக்கம் போனாரு, ஆனா டிஸ்சார்ஜ் புக்ல (ஆர்மிய விட்டு வரும்போது குடுக்கற சர்வீஸ் புத்தகம்) சங்க்ராம் மெடல் மட்டும்தான் இருக்கு, பூர்வி ஸ்டார் இல்ல, இப்ப அவரும் இல்ல, என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. சங்க்ராம் மெடல் அந்தச் சமயம் சர்வீஸ்ல இருந்தவங்களுக்குப் பொதுவா குடுத்தது, பூர்வி ஸ்டார் கிழக்குல சண்டை நடந்த ஏரியாவுல இருந்தவங்களுக்கு, அதனால யூனிட் அப்ப எங்க இருந்துச்சுங்கறதுதான் இங்க விஷயமே.

அதுக்கு ஆர்மியில பார்ட் டூ ஆர்டர்னு ஒரு பதிவு இருக்கும், போஸ்டிங், லீவு எல்லாம் அதுல ஏறும், அதைப் பாத்து சரிபாக்கச் சொல்லி நீலகிரி வெல்லிங்டன்ல இருக்கற மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்க. பாட்டி இருக்காங்கன்னா மனு அவங்க பேர்லயே போகட்டும், பேரன் எழுதுறதவிட அதுக்கு வெயிட்டு ஜாஸ்தி. ஆர்மி நம்பர மேலயே பெருசா போடுங்க, நம்ம ஊர் இனிஷியல் அங்க எப்படி ஏறியிருக்கும்னு சொல்லவே முடியாது, அதனால டிஸ்சார்ஜ் புக்ல இருக்கற ஸ்பெல்லிங்கையே அப்படியே எழுதுங்க. கூடவே டெத் சர்டிபிகேட், பிபிஓ (பென்ஷன் ஆர்டர்) காப்பி. தபால்ல தனியா அனுப்பாம கடலூர் முன்னாள் படைவீரர் நல ஆபீஸ் வழியா ஃபார்வர்ட் பண்ணச் சொல்லுங்க, அங்க இருக்கறவங்களுக்கு இந்த லெட்டர் போக்குவரத்தெல்லாம் அத்துப்படி.

வீட்ல பழைய மெடல் ஏதாவது கிடந்தா ஓரத்தைத் திருப்பிப் பாருங்க, நம்பரும் பேரும் பொறிச்சிருக்கும், போட்டோ எடுத்து சேத்துடுங்க. பூர்வி ஸ்டாருக்கு மாசாமாசம் அலவன்ஸ் எதுவும் கிடையாது, மெடல வாங்கித் தரேன்னு எவனாவது காசு கேட்டா குடுக்காதீங்க.