முதல் உலகப்போர்ல காணாமப் போன சிப்பாய்கள்: உங்க கேள்விகளுக்கு என் பதில்

வணக்கம். நான் வட பிரான்ஸ்ல லீல் பக்கத்துல இருக்கேன், பதினஞ்சு வருஷமா லீவு கிடைச்சா இந்தப் போர்க் கல்லறைகளைத்தான் சுத்திட்டு இருக்கேன். நீங்க அனுப்பின கேள்விகளுக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, மிஸ்ஸிங்னா ஓடிப்போனவங்களா? செத்துட்டாங்கன்னா உடம்பு எங்க போச்சு?

ஓடிப்போனவங்க இல்லப்பா. ஆள் செத்தாச்சு, ஆனா இதுதான் அவர் குழின்னு காட்ட இடம் இல்ல, அவங்களைத்தான் அப்படிச் சொல்றாங்க. ஷெல்லடியில சில பேருக்கு உடம்பே மிஞ்சல. சில பேரைக் கூட இருந்தவங்க ஒழுங்காப் பொதைச்சு மரச்சிலுவை நட்டு வெச்சாங்க, அப்புறம் அதே வயல்ல மறுபடியும் சண்டை வந்து சிலுவையும் போச்சு குழியும் போச்சு. வட பிரான்ஸ்ல தியெப்வால்ங்கற ஊர்ல இருக்கற நினைவுச்சின்னத்துல மட்டும் 72,000 பேருக்கு மேல பேர் இருக்கு, எல்லாம் அங்க சோம் பகுதிச் சண்டைகள்ல காணாமப் போனவங்க.

கேள்வி: கழுத்துல பேர் போட்ட வில்லை இருந்திருக்குமே சார்?

இருந்துச்சு, ஆனா பிரிட்டிஷ் படையில முதல்ல ஒண்ணே ஒண்ணுதான். செத்ததுக்கு அத்தாட்சியா அதைக் கழட்டிட்டுப் போயிட்டா உடம்பு அநாதையாக் கிடக்கும். 1916லதான் ரெண்டாக்கினாங்க, எட்டு மூலை பச்சை வில்லை உடம்போட இருக்கணும், வட்டமான சிவப்பை எடுத்துட்டுப் போகணும். அதுவும் அழுத்தின நாருல செஞ்சது, சேத்துல மக்கிப் போயிரும்.

போர் முடிஞ்சதும் சிப்பாய்களையே குழுவாப் பிரிச்சு வயல் வயலாத் தேட விட்டாங்க. ஒரு இடத்துல மட்டும் புல் செழிப்பா இருக்கா, தேங்கின தண்ணி ஒரு மாதிரி பச்சை கலந்த கருப்பா இருக்கா, எலி வளை வாசல்ல எலும்புத் துண்டு கிடக்கான்னு பாத்துத்தான் தோண்டுவாங்க. கிடைச்சா பூட்ஸ், பட்டன், சில சமயம் நம்பர் பொறிச்ச ஸ்பூன். அந்த ஸ்பூனை வெச்சே பேர் கண்டுபிடிச்சிருக்காங்க! ஒண்ணுமே கிடைக்காதவங்க கல்லுல "கடவுளுக்குத் தெரிந்தவர்"னு இருக்கும். அந்த வாசகத்தைத் தேர்ந்தெடுத்தவர் இங்கிலீஷ் எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங், அவரோட ஒரே பையனும் 1915ல பிரான்ஸ்ல நடந்த லூஸ் சண்டையில காணாமப் போனவன்தான்.

கேள்வி: வீட்டுல இருக்கறவங்க யார்கிட்ட போய்க் கேப்பாங்க?

செஞ்சிலுவைச் சங்கத்துல இதுக்குன்னே ஒரு பிரிவு இருந்துச்சும்மா. தேடறவங்க ஆஸ்பத்திரி வார்டு வார்டாப் போயி, காயம்பட்டுப் படுத்திருக்கறவன் கட்டில் பக்கத்துல உக்காந்து, கடைசியா இவனை எங்கப்பா பாத்தேன்னு கேட்டு எழுதிட்டு வருவாங்க. ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு இதை நடத்தினது வேரா டீக்கின், முன்னாள் பிரதமரோட பொண்ணு, ஆரம்பிக்கும்போது சின்ன வயசுதான்.

கேள்வி: நூறு வருஷம் ஆச்சே, இப்பவும் கிடைக்குதா?

கிடைக்குது. ஏர் ஓட்டறப்ப, ரோடு போடறப்ப எல்லாம் வரும். பெருசா நடந்தது ஃப்ரோமெல்ல, இங்கேர்ந்து பக்கம்தான். 1916 ஜூலைல செத்த ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் சிப்பாய்களை ஜெர்மன்காரங்க ஒரு தோப்பு ஓரமாக் குழி வெட்டிப் பொதைச்சிருந்தாங்க, லாம்பிஸ் எங்லெசோஸ்னு ஒரு ஆஸ்திரேலிய வாத்தியார் விடாப்பிடியா கேட்டுக் கேட்டு 2009ல தோண்டினதுல 250 உடம்பு. டிஎன்ஏ வெச்சுப் பாதிக்கு மேல பேர் கிடைச்சாச்சு. ஒருத்தர்கிட்ட ஃப்ரீமான்டில்லேர்ந்து பெர்த்துக்குப் போற ட்ரெயின் டிக்கெட், திரும்பி வர்றதுக்கான பாதி மட்டும் பத்திரமா இருந்துச்சு. அந்த டிக்கெட்டை நெனச்சா இன்னிக்கும் எனக்கு மனசு பிசையும்.

கேள்வி: ஐயா, எங்க பாட்டியோட அப்பா மெசபடோமியா (இப்ப ஈராக்) போனவர், திரும்பி வரல. செத்த தேதி தெரியாததால மகாளய அமாவாசைக்குத்தான் கும்பிடறோம். எங்க தேடறது?

தங்கச்சி, இந்தப் போர்க் கல்லறைகளைப் பராமரிக்கற காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் சைட்ல தேடுங்க. அப்பா பேரையும் ஊரையும் கையில வெச்சுக்கங்க, ஏன்னா நிறைய பதிவுல "இன்னார் மகன், இந்த ஊர், இந்த ஜில்லா"ன்னு இருக்கும். ஸ்பெல்லிங் கண்டபடி இருக்கும், முனுசாமியை எட்டு விதமா எழுதியிருப்பாங்க, எல்லாத்தையும் போட்டுப் பாருங்க. ரெஜிமென்ட் பேரோ நம்பரோ பழைய மெடல் விளிம்புல பொறிச்சிருக்கும், டிரங்குப் பெட்டியெல்லாம் தேடுங்க. பதிவு கிடைச்சா தேதியும் இருக்கும், நீங்க திதியே கொடுக்கலாம்.

ஒண்ணு சொல்லணும், வருத்தமாத்தான் இருக்கும். அங்க காணாமப் போனவங்களுக்கு பாஸ்ரால நினைவுச்சின்னம் வெச்சப்ப வெள்ளைக்காரச் சிப்பாய் பேரெல்லாம் செதுக்கினாங்க, நம்ம சாதாரணச் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் பேருக்குக் கீழ எத்தனை பேருங்கற எண்ணிக்கை மட்டும்தான். அதே கமிஷன் பிரான்ஸ்ல நூவ் ஷாப்பெல்ல 4,700 இந்தியர்களுக்கு மேல பேர் பேராச் செதுக்கியிருக்கு, அதனால முடியாதுன்னு இல்ல. 2021ல அவங்களே விசாரிச்சு, இந்தியா ஆப்பிரிக்கா எகிப்துக்காரங்கன்னு 45,000லேர்ந்து 54,000 பேர் வரைக்கும் சமமா நடத்தலைன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டாங்க. கல்லுல இல்லைன்னு விட்டுறாதீங்க தங்கச்சி, காகிதத்துல பேர் இருக்க வாய்ப்பு இருக்கு.

கேள்வி: உடம்பு கிடைச்சுட்டா நினைவுச்சின்னச் சுவத்துல இருக்கற பேர் என்ன ஆகும்?

பலகையை மாத்தறப்ப எடுத்துருவாங்க. அவருக்குத்தான் சொந்தமா கல்லு வந்தாச்சே.

கேள்வி: நாங்க குடும்பத்தோட பாரிஸ் வர்றோம், ஒரு நாள்தான் இருக்கு, எதைப் பாக்கலாம்?

காலையில லீல் வந்துருங்க. கார் எடுத்து நூவ் ஷாப்பெல், சாயங்காலம் பெல்ஜியத்துல ஈப்பர் ஊர்ல மெனின் கேட், அதுவும் காணாமப் போனவங்களுக்கான நினைவு வாசல்தான். 54,000 பேருக்கு மேல பேர் இருக்கு, அதுல இந்தியர்களும் உண்டு. 1927ல திறந்தப்ப போர்ல பிரிட்டிஷ் படைத்தளபதியா இருந்த ஃபீல்டு மார்ஷல் ப்ளூமர் பெத்தவங்களைப் பாத்து, அவன் காணாமப் போகல, இங்கதான் இருக்கான்னு சொன்னார். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ரோட்டை மறிச்சு பியூகிள் ஊதுவாங்க, 1928லேர்ந்து நடக்குது, ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரங்க ஊரைப் பிடிச்சிருந்த காலம்தான் நின்னுச்சு. ஏழரைக்கே போயிருங்க, கூட்டம் இருக்கும். நூவ் ஷாப்பெல்ல விசிட்டர்ஸ் புக் இருந்தா தமிழ்லயே எழுதுங்க, நான் அப்படித்தான் எழுதிட்டு வருவேன்.